ஸ்க்ரஞ்சி தைக்க இந்தக் குட்டி மெஷின் போதுமா? ஐந்து மாதம் ஓட்டிப் பார்த்துச் சொல்கிறேன்

ஆன்லைனில் இரண்டாயிரத்துக்குள் ஒரு குட்டி தையல் மெஷின் வருகிறதே, வெள்ளையும் ஊதாவுமாக, பிளாஸ்டிக் உடம்போடு, டிபன் பாக்ஸ் இரண்டை அடுக்கி வைத்த உயரத்தில், அதை வாங்கலாமா என்று யோசிப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் ஒன்று வாங்கி ஐந்து மாதம் ஆகிறது. பிளவுஸ் தைக்க வாங்கவில்லை, சுடிதார் தைக்கவும் வாங்கவில்லை. தலைமுடிக்குப் போடும் துணி ரப்பர் பேண்டு, அதாவது ஸ்க்ரஞ்சி, அது ஒன்றுக்காக வாங்கினேன். இதுவரை அறுபதுக்கு மேல் தைத்தாயிற்று. அந்த ஒரு வேலைக்கு என் பதில்: வாங்கலாம். ஆனால் ஒவ்வொரு ஸ்க்ரஞ்சியிலும் இரண்டு இடத்தில் கைத்தையல் போட நீங்கள் தயாராக இருக்க வேண்டும். கூட வரும் அடாப்டரை நம்பவும் கூடாது.

முதலில் எதற்கு இந்த வேலை என்று சொல்லிவிடுகிறேன். என் மகள் ஆறாம் வகுப்பு. பள்ளிக்கு இரட்டைப் பின்னல் போட்டு மடித்துக் கட்டித்தான் போக வேண்டும். அவளுக்கு மெல்லிய சுருட்டை முடி. சாதாரண ரப்பர் பேண்டைச் சாயங்காலம் கழற்றினால் அதில் ஏழெட்டு முடி சுற்றிக்கொண்டு வரும், அவளும் "அம்மா வலிக்குது" என்று தலையைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். நெற்றி ஓரத்தில் முடி அறுந்து குட்டை குட்டையாக நிற்க ஆரம்பித்ததைப் பார்த்த பிறகுதான் துணி சுற்றிய பேண்டுக்கு மாறினோம். அது முடியை அறுக்கவில்லை. ஆனால் கடையில் வாங்கியது எதுவும் ஒரு மாதம் தாண்டவில்லை. தொளதொளவென்று ஆகி, பின்னலை விட்டுத் தானே நழுவி விழும். ஒருநாள் ஒன்றைப் பிரித்துப் பார்த்தேன். மேலே பளபளவென்று சாட்டின் துணி, உள்ளே நூல் மாதிரி ஒரு மெல்லிய எலாஸ்டிக், அதையும் தைக்காமல் வெறும் முடிச்சுப் போட்டு விட்டிருந்தார்கள். இவ்வளவுதானா என்று இருந்தது. அன்றைக்கே வீட்டில் கிடந்த பிளவுஸ் பிட்டை எடுத்துக் கையாலேயே ஒன்று தைத்தேன். முக்கால் மணி நேரம் ஆனது, ஆனால் அது இன்னும் அவள் தலையில் இருக்கிறது.

இந்தச் சாமானைப் பிரபலமாக்கியவருக்கும் முடிப் பிரச்சினைதான். அமெரிக்காவில் ரோமி ரெவ்சன் என்ற பாடகி, பிளீச் போட்டுப் போட்டு முடி நொய்ந்து போயிருந்த நேரத்தில், பைஜாமாவின் இடுப்புச் சுருக்கைப் பார்த்து அதே மாதிரி தலைமுடிக்கு ஒன்று தைத்திருக்கிறார். 1987-ல் அதற்குக் காப்புரிமையும் வாங்கினார். இதைப் படித்தபோது நான் நினைத்தது நம் பாவாடை நாடாவைத்தான். நாடா கோர்த்த பாவாடையும் சுருக்குப் பையும் தைக்கத் தெரிந்த எந்தக் கைக்கும் ஸ்க்ரஞ்சி புதிது இல்லை. குழாய் மாதிரி ஒரு துணி, உள்ளே இழுத்துப் பிடிக்க ஒன்று. நாடா இருந்த இடத்தில் எலாஸ்டிக், அவ்வளவுதான் வித்தியாசம்.

மெஷின் வாங்கும் எண்ணம் வந்ததும் பவானியில் இருக்கும் என் மாமியாரிடம்தான் கேட்டேன். அவரிடம் நாற்பது வருஷமாக ஓடும் கறுப்பு இரும்பு கால் மெஷின் ஒன்று இருக்கிறது. அதைக் கேட்டால் கொடுத்தே விடுவார், ஆனால் எங்கள் வாடகை வீட்டில் அதை வைக்க இடம் கிடையாது. பெரிய மோட்டார் மெஷினாக வாங்கலாமா என்று இழுத்தேன். "ஒரே நேர்த் தையல்தானே கண்ணு, அதுக்கு எதுக்குப் பெரிய மெஷினு?" என்றார். ஒரு நிமிடம் யோசித்துப் பார்த்தால் உண்மைதான். ஸ்க்ரஞ்சியில் மெஷின் செய்ய வேண்டியது, இரண்டு அடுக்குத் துணியில் 55 செ.மீ. நீளத்துக்கு ஒரு நேர்கோடு. வளைவு இல்லை, காஜா இல்லை, ஜிக்ஜாக் இல்லை. நேர்கோடு மட்டுமே தெரிந்த ஒரு மெஷினுக்கு ஏற்ற வேலை இதுதான். அத்தை சொன்னதை வைத்துத்தான் இந்தக் குட்டி மெஷினுக்கே வந்தேன்.

இதற்கு முன்னால் ஒரு எச்சரிக்கை. ஸ்டேப்ளர் மாதிரி கையில் பிடித்து அமுக்கி ஓட்டும் இன்னொரு மெஷின் இதைவிட மலிவாக வரும். என் தங்கை அதைத்தான் முதலில் வாங்கினாள். அது ஒற்றை நூலில் சங்கிலித் தையல் போடும். அரிசி மூட்டையின் வாயைத் தைத்திருப்பார்களே, ஒரு நுனியை இழுத்தால் சர்ரென்று மொத்தமும் பிரிந்து வருமே, அதே தையல். திரைச்சீலை ஓரம் மடிக்க வேண்டுமானால் பரவாயில்லை. தினமும் நான்கு தடவை இழுபடும் ஸ்க்ரஞ்சிக்கு அது ஆகாது. அவள் தைத்தது இரண்டாம் நாளே வாயைப் பிளந்துவிட்டது. வாங்கும்போது கீழே பாபின், அதாவது கீழ் நூலைச் சுற்றி வைக்கும் குட்டி உருளை, இருக்கிறதா என்று பாருங்கள். மேல் நூல், கீழ் நூல் இரண்டும் பின்னிக்கொள்ளும் தையல்தான் வேண்டும்.

சரி, என் மெஷினுக்கு வருகிறேன். பெட்டியில் மெஷின், கால் பெடல், அடாப்டர், நான்கு பாபின், ஒரு உபரி ஊசி, ஊசியில் நூல் கோர்க்கும் கம்பி, நான்கு கலரில் குட்டி நூல்கண்டுகள் இருந்தன. 6 வோல்ட்டில் ஓடும், அல்லது பென்சில் பேட்டரி நான்கு போட்டும் ஓட்டலாம். பேட்டரியை அவசரத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், புதிதாகப் போட்டாலும் கொஞ்ச நேரத்திலேயே வேகம் இறங்கிவிடுகிறது. இரண்டு வேகம் உண்டு. நான் வேகமான பக்கத்துக்கு இன்றுவரை போகவில்லை, மெதுவான வேகமே இந்த வேலைக்குப் போதும். தையலின் நீளத்தை மாற்ற முடியாது. ரிவர்ஸ் கிடையாது. விளக்கு ஒன்று இருக்கிறது, அதன் வெளிச்சத்தில் கறுப்புத் துணி தைக்க முடியாது.

முதல் நாள் எனக்கு அழுகையே வந்துவிட்டது. பெடலை மிதித்த பத்தாவது விநாடியில் துணிக்கு அடியில் நூல் கொத்தாகச் சிக்கி, துணி தட்டோடு ஒட்டிக்கொண்டது. மூன்று தடவை அப்படியே ஆனது. மெஷின்தான் கோளாறு என்று திருப்பி அனுப்பவே எடுத்து வைத்துவிட்டேன். அப்புறம் யோசித்துப் பார்த்தால் தப்பு என் கையில். பாபினைப் போட்டதும் அதன் நூலை மேலே எடுக்காமலே ஓட்டியிருக்கிறேன். மேல் நூலின் நுனியை இடது கையில் லேசாகப் பிடித்துக்கொண்டு, வலது பக்க வீலை நம் பக்கமாக ஒரு சுற்று சுற்றினால் ஊசி இறங்கி ஏறும்போது கீழ் நூலை ஒரு வளையமாகத் தூக்கிக்கொண்டு வரும். அதை இழுத்து, இரண்டு நூலையும், துணியை மேலிருந்து அழுத்திப் பிடிக்கும் பாதத்துக்கு அடியில் பின்பக்கமாக ஒரு சாண் விட்டுவிட்டு, முதல் நான்கைந்து தையலை வீலைக் கையால் சுற்றியே போட வேண்டும். அதற்குப் பிறகு பெடல். இந்தப் பழக்கம் வந்த நாளில் இருந்து நூல் சிக்கவே இல்லை. இந்த மெஷின்களைப் பற்றிக் குறை சொல்பவர்கள் பாதிப் பேர் இந்த இடத்திலேயே விட்டிருப்பார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.

இரண்டாவது, கூட வரும் நூல். அதைத் தூக்கி வைத்துவிடுங்கள். இழுத்தால் பட்டென்று அறுகிறது. தையல் சாமான் கடையில் நல்ல பாலியஸ்டர் நூலாக வாங்கிப் போட்டதும் மெஷின் வேறு மெஷின் மாதிரி ஓடியது. மூன்றாவது, துணியைப் பின்னால் இருந்து இழுக்காதீர்கள். பாதத்துக்கு அடியில் துணியை நகர்த்தும் பல் மெதுவாகத்தான் நகர்த்தும், அது நகர்த்தும் வேகத்துக்குக் கையை வைத்து நேராகக் காட்டினால் போதும். இழுத்தால் ஊசி வளைந்து தட்டில் இடித்து உடையும். நான் ஒன்றை உடைத்தேன், உடைந்ததைக் கையோடு கடைக்குக் கொண்டுபோய் அதே அளவில் வாங்கி வந்தேன். ஊசி எண் பெரிதானால் கனமான ஊசி, சிறிதானால் மெல்லியது. காட்டனுக்கு 14, சாட்டினுக்கும் கிரேப்புக்கும் 11. சாட்டினில் தடித்த ஊசியை ஓட்டினால் தையல் நெடுக நூல் இழுத்துக் கோடு கோடாக நிற்கும்.

ரிவர்ஸ் இல்லாததை எப்படிச் சமாளிப்பது? தையல் முடிந்ததும் ஊசி துணிக்குள் இருக்கும்போதே பாதத்தைத் தூக்கி, துணியை அப்படியே அரை வட்டம் திருப்பி, போட்ட தையலின் மேலேயே மூன்று நான்கு தையல் போட்டுவிடுவேன். கொஞ்சம் கோணலாக இருக்கும், உள்பக்கம் போகிறதால் யாருக்கும் தெரியப் போவதில்லை.

இப்போது அளவுகள். இவ்வளவு தைத்த பிறகு எனக்கு நிலைத்த அளவு இது: பெரியவர்களுக்கு 55 செ.மீ. நீளம், 10 செ.மீ. அகலத் துணி, 18 செ.மீ. எலாஸ்டிக். பிள்ளைகளுக்கு 45-க்கு 10 துணி, 15 செ.மீ. எலாஸ்டிக். அடர்த்தியான முடி என்றால் எலாஸ்டிக்கை 20 வரைக்கும் விடலாம். துணியின் நீளம் எலாஸ்டிக்கைப் போல மூன்று மடங்கு இருந்தால்தான் சுருக்கு கொசகொசவென்று அழகாக வரும், இரண்டு மடங்கில் தைத்தால் கடைச் சரக்கு மாதிரி வற்றலாக இருக்கும். மெல்லிய சாட்டின் என்றால் நீளத்தை இன்னும் கொஞ்சம் கூட்டலாம். 80 செ.மீ. பிளவுஸ் பிட், 36 இஞ்ச் அகலம், அப்படியே முழுசாக இருந்தால் பிள்ளைகள் அளவில் பதினாறு தேறும். பிளவுஸ் வெட்டியது போக மிஞ்சிய துணியில் எனக்கு மூன்று, நான்கு கிடைக்கிறது. நீளம் போதாத துண்டுகளை இணைத்துக்கொள்ளலாம், சுருக்கில் அந்த இணைப்பு மறைந்துவிடும்.

துணியை நல்ல பக்கம் உள்ளே வரும்படி நீளவாக்கில் மடித்து, ஓரத்தில் இருந்து ஒரு செ.மீ. விட்டு ஒரு தையல். நுனியில் ஒரு ஊக்கை மாட்டி உள்ளே விட்டுத் தள்ளிக்கொண்டே போனால் குழாய் புரண்டு நல்ல பக்கம் வெளியே வரும். அதே ஊக்கில் எலாஸ்டிக்கை மாட்டி மறுபடி கோர்க்க வேண்டும், மறு நுனி உள்ளே போய்விடாமல் இன்னொரு ஊக்கால் துணியோடு பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். இதுவரை மெஷின் பிரமாதமாக ஒத்துழைக்கும். இனிமேல்தான் மெஷினை நிறுத்த வேண்டிய இடம்.

எலாஸ்டிக்கின் இரண்டு நுனியையும் ஒரு செ.மீ. ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து இணைக்க வேண்டும். இதை மெஷினில் கொடுத்தால் கால் இஞ்ச் அகலமே உள்ள அந்தத் துண்டைப் பாதம் பிடித்துக்கொள்வதில்லை, பல்லுக்குள் இழுத்துக்கொள்கிறது. கையால் பெருக்கல் குறி மாதிரி குறுக்கும் நெடுக்குமாக எட்டுப் பத்துத் தையல் இறுக்கிப் போட்டால் இரண்டு நிமிடம். முடிச்சுப் போடாதீர்கள். முடிச்சு தலையில் உறுத்தும், நாளடைவில் நழுவி அவிழவும் செய்யும். அடுத்து, குழாயின் ஒரு வாயை உள்பக்கம் மடித்து, மறு வாயை அதற்குள் நுழைத்து மூட வேண்டும். எண்ணிப் பாருங்கள், மடித்த பக்கம் நான்கு அடுக்கு, உள்ளே போன பக்கம் இரண்டு, மொத்தம் ஆறு, அதோடு தையல் ஓரங்களும் சேரும். குட்டி மெஷின் அந்த இடத்தில் ம்ம்ம் என்று முனகிக்கொண்டு நின்றுவிடும். இரண்டு தடவை கட்டாயப்படுத்தி ஓட்டியதில் மோட்டார் பக்கம் சூடேறிக் காந்தல் வாடை வந்தது, அதோடு விட்டுவிட்டேன். எம்மிங் பண்ணுகிற மாதிரி கையாலேயே மறைவாகத் தைத்துவிட்டால் மெஷின் தையலைவிட அழகாக இருக்கிறது, இணைப்பு எங்கே என்று தேட வேண்டியிருக்கும். என் கணக்கில் ஒரு ஸ்க்ரஞ்சிக்கு வெட்டுவதில் இருந்து முடிப்பது வரை பன்னிரண்டு, பதின்மூன்று நிமிடம். அதில் கைத்தையல் ஐந்து நிமிடம். முக்கால் மணி நேரத்தில் ஒன்று தைத்தவளுக்கு இது பெரிய விஷயம்.

எலாஸ்டிக்கைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஸ்க்ரஞ்சியின் ஆயுள் துணியிலும் இல்லை மெஷினிலும் இல்லை, அதில்தான் இருக்கிறது. ஈரோட்டில் நான் வாங்கும் கடையில் முதல்முறை "கால் இஞ்ச் எலாஸ்டிக் குடுங்க" என்றதும் கடைக்கார அண்ணன் எடுக்கவே இல்லை. "கோர்க்கறதுக்குங்களா, வெச்சுத் தைக்கறதுக்குங்களா அம்மிணி?" என்று கேட்டார். இரண்டுக்கும் வேறு வேறு சரக்காம். பின்னல் மாதிரி முறுக்கிப் பின்னிய எலாஸ்டிக்கில் ஊசி குத்திக்கொண்டே போனால் உள்ளே இருக்கும் ரப்பர் இழை அறுந்து தொய்ந்துவிடும், அது குழாய்க்குள் சும்மா கோர்த்துவிடத்தான் லாயக்கு. பனியன் துணி மாதிரிப் பின்னியதோ தறியில் நெய்ததோ என்றால் ஊசி குத்தினாலும் தாங்கும். நமக்குக் கோர்க்கிற வேலைதான், ஆனாலும் நுனியில் தைக்கிறோம் அல்லவா, அதனால் பனியன் மாதிரிப் பின்னியதையே கொடுத்தார். கடையில் இழுத்துப் பாருங்கள், இரண்டு மடங்கு இழுத்து விட்டதும் சட்டென்று பழைய நீளத்துக்கு வர வேண்டும். அகலம் சுருங்கி நூல் மாதிரி ஆகிறது என்றால் அது முறுக்கிப் பின்னிய வகை. ஒரு மீட்டரில் பெரியவர்கள் அளவில் ஐந்து வெட்டலாம்.

நம் வீடுகளில் இன்னொரு விஷயம், எண்ணெய். தேங்காய் எண்ணெய் தடவிய தலையில் தினமும் போட்டால் எண்ணெய் துணி வழியாக இறங்கி ரப்பரைத் தின்றுவிடும். ரப்பர் இழைக்கும் எண்ணெய்க்கும் ஒத்துவராது, ஊறி ஊறி இழு தன்மை போய்விடும். அதனால் எண்ணெய் வைக்கும் நாளுக்கென்று அழுத்தமான நிறத்துக் காட்டனில் இரண்டு தனியாக வைத்திருக்கிறேன், வாரத்துக்கு ஒருமுறை சோப்புப் போட்டு அலசி நிழலில் காயப் போடுகிறேன். இன்னும் ஒன்று, உள் எலாஸ்டிக் தொய்ந்துவிட்டால் ஸ்க்ரஞ்சியைத் தூக்கிப் போட வேண்டாம். கையால் மூடிய அந்த இடத்தை மட்டும் பிரித்து, புது எலாஸ்டிக் கோர்த்துத் திரும்ப மூடிவிடலாம். அந்த வாயை மெஷினில் தைக்காமல் விட்டதால் இதுவும் சுலபமாகிறது.

எந்தத் துணியில் இந்த மெஷின் நன்றாக ஓடுகிறது? காட்டன் முதலிடம், சந்தேகமே இல்லை. எங்கள் ஊர் கனி மார்க்கெட்டில் திங்கள் இரவு தொடங்கிச் செவ்வாய் வரை நடக்கும் ஜவுளிச் சந்தையில் துணி எடுக்கப் போகும்போதெல்லாம் சின்னப் பிட்டுகளும் வாங்கி வருவேன். சுங்குடி மிக அழகாக வருகிறது, புள்ளிகள் சுருக்குக்குள் போய் எட்டிப் பார்க்கிற மாதிரி இருக்கும். ஆனால் முதலில் தண்ணீரில் ஊற வைத்துச் சாயம் போகிறதா என்று ஒரு வெள்ளைத் துணியில் ஒற்றிப் பார்த்துவிட்டு வெட்டுங்கள், வியர்வையில் சாயம் இறங்கினால் பள்ளிச் சட்டை காலர் போய்விடும். காட்டன் சுருங்கவும் செய்யும், ஊற வைப்பதில் அதுவும் சரியாகிவிடும்.

சாட்டின் முடிக்கு நல்லது, வழுவழுவென்று இருப்பதால் உரசல் குறைவு. ஆனால் மெஷினுக்குக் கஷ்டம். இரண்டு அடுக்கும் ஆளுக்கொரு பக்கம் நழுவும். நான்கு விரல் இடைவெளிக்கு ஒரு குண்டூசி குத்தி, மெதுவாக ஓட்டினால் வரும். நேரம் இரட்டிப்பு. வெல்வெட்டை இதில் தைக்காதீர்கள். மூன்று தடவை முயன்றேன், மேல் அடுக்கு தள்ளிக்கொண்டே போய் கடைசியில் இரண்டு விரல் அளவு நீட்டிக்கொண்டு நிற்கிறது, பல்லுக்கு அந்தத் துணியைப் பிடித்து நகர்த்தும் பலம் இல்லை. வெல்வெட் துணிகளைச் சேர்த்து வைத்திருந்து பவானி போகும்போது அத்தையின் கால் மெஷினில் போட்டுவிடுகிறேன். அந்த மெஷின் ஆறு அடுக்கையும் வெண்ணெய் மாதிரிக் கடந்து போகிறது. உங்கள் வீட்டில் அப்படி ஒரு பழைய கால் மெஷின் சும்மா நின்றுகொண்டிருந்தால், எண்ணெய் விட்டுத் துடைத்து, பெல்ட்டை மாற்றி, அதையே ஓட்டுங்கள். இந்தக் குட்டி மெஷினுக்குக் காசு போடத் தேவையே இல்லை.

பட்டுப் பிட்டில் தைத்ததுதான் எனக்கு மிகவும் பிடித்தது. என் கல்யாணப் புடவையின் பிளவுஸ் வெட்டியபோது மிஞ்சிய அரக்கு நிறத் துண்டு, பதினான்கு வருஷமாகப் பீரோவில் கிடந்தது. அதில் இரண்டு தைத்தேன், ஒன்று எனக்கு, ஒன்று மகளுக்கு. பட்டு ஓரம் சீக்கிரம் நூல் நூலாகப் பிரியும், அதனால் ஒன்றரை செ.மீ. உள்ளே தள்ளித் தைக்க வேண்டும். ஜரிகை வருகிற பகுதியைத் தவிர்த்துவிட்டேன், ஜரிகை முடியில் மாட்டி இழுக்கும்.

ஸ்க்ரஞ்சி தவிர வேறு என்ன தைத்தேன் என்றால், ஹேர்பேண்ட். திருப்பூரில் இருந்து உறவினர் கொண்டுவந்த பனியன் துணியில் முதலில் தைத்தேன், தலையில் மாட்ட இழுத்ததும் படபடவென்று தையல் விட்டுப்போனது. இழுபடும் துணிக்கு இழுபடும் தையல், அதாவது ஜிக்ஜாக் வேண்டும். இதில் அது இல்லை. அதற்குப் பதில் முன்பக்கம் காட்டன் பட்டை, பிடரியில் மட்டும் எலாஸ்டிக் கோர்த்த சின்னக் குழாய் என்று மாற்றினேன், நன்றாக வந்தது. கிளிப்பில் வைக்கிற போ முடிச்சுக்கும் இந்த மெஷின் போதும், சின்னச் செவ்வகத்தைத் தைத்துப் புரட்டி நடுவில் சுருக்கிக் கையால் கட்ட வேண்டியதுதான். பனியன் துணியில் தையலே வேண்டாத ஒரு வேலையும் உண்டு: ஒரு இஞ்ச் அகலப் பட்டையாக வெட்டி நீளவாக்கில் இழுத்தால் தானாகவே சுருண்டு கயிறாகிவிடும், வளையமாக முடிச்சிட்டால் முடி கட்டும் பேண்டு தயார். குளித்து ஈரத்தலையைக் கட்ட அதைவிட நல்லது கிடையாது.

குறைகளுக்கு வருகிறேன். கூட வந்த அடாப்டர் மூன்றாவது வாரம் செத்துப்போனது. தொட முடியாத அளவுக்குச் சூடாகிப் பிறகு உயிரே இல்லை. விற்றவர்களுக்கு நான்கு முறை எழுதினேன். மெஷினில் கோளாறு என்றால்தான் மாற்றுவோம், அடாப்டர் அதில் சேராது என்று பதில் வந்தது. அடாப்டர் இல்லாமல் மெஷினை என்ன செய்வது? அந்தப் பதில் எனக்கு இன்றுவரை வருத்தம்தான். கடைசியில் உள்ளூர் எலக்ட்ரானிக்ஸ் கடைக்கு மெஷினையே தூக்கிக்கொண்டு போனேன். 6 வோல்ட்தானா, பின்னின் உள்முனை பிளஸ்ஸா மைனஸா என்று பார்த்து, பொருத்தமான ஒன்றைக் கொடுத்தார். அது இன்றுவரை ஓடுகிறது. நீங்கள் வாங்கினால் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை அடாப்டரைத் தொட்டுப் பாருங்கள், கைபொறுக்காத சூடு என்றால் நிறுத்திவிடுங்கள். சத்தமும் ஒரு குறை. டைல்ஸ் மேல் வைத்தால் தடதடவென்று ஆடி நகரும், அடியில் பழைய துண்டை நான்காக மடித்துப் போட்டதும் நகர்வது நின்றது, சத்தம் பாதியானது. ஆனாலும் ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் ஓட்டுவதில்லை. மோட்டாருக்கும் ஓய்வு வேண்டும். நான் ஐந்து குழாய் தைப்பேன், நிறுத்திவிட்டு அவற்றைப் புரட்டிக் கோர்த்துக் கைத்தையலை முடிப்பேன், அதற்குள் மெஷின் ஆறிவிடும்.

இதை வாங்கி வீட்டிலிருந்தே மாதம் பல ஆயிரம் சம்பாதிக்கலாம் என்று சில வீடியோக்களில் சொல்கிறார்கள். அதை நம்பி வாங்காதீர்கள். நாளைக்கு ஐம்பது தைக்கும் உடம்பு இந்த மெஷினுக்குக் கிடையாது. வீட்டுக்கு, அக்கா தங்கை பிள்ளைகளுக்கு, பிறந்தநாள் பரிசுக்கு, தெரிந்தவர்கள் கேட்டால் பத்துப் பதினைந்து, இந்த அளவுக்கு நன்றாக உழைக்கிறது. விற்கத்தான் தைக்கப் போகிறீர்கள் என்றால் இன்னும் கொஞ்சம் சேர்த்து, ரிவர்ஸும் ஜிக்ஜாக்கும் உள்ள மோட்டார் மெஷினுக்குப் போங்கள், அல்லது பழைய கால் மெஷினைத் தேடுங்கள்.

இந்த வெள்ளிக்கிழமை மகள் பள்ளியில் விளையாட்டு விழா. சிவப்பு அணிப் பிள்ளைகள் எட்டுப் பேருக்கு ஒரே மாதிரி வேண்டும் என்று கேட்டு வந்திருக்கிறாள். சிவப்புக் காட்டன் ஒரு மீட்டரை நேற்றே ஊறவைத்துக் காயப் போட்டாயிற்று, எலாஸ்டிக் 15 செ.மீ. கணக்கில் எட்டு வெட்டி ஊக்கோடு கட்டி வைத்திருக்கிறேன்.